அறுபத்தைந்து மணி நேரம்

— இந்தக் கடுதாசியை நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன், புரொஃபசர். மூணாவது தடவை நீங்க படிங்க. சத்தமாப் படிங்க. உங்க மனைவியும் கேக்கட்டும்.

— நீவெஸ், முதல்ல உள்ள வா. கதவைச் சாத்து, தெருப் பனி மொத்தமும் வீட்டுக்குள்ள வருது. மேல்கோட்டு கூடப் போடாமலா சைக்கிள்ல வந்த?

— குளிரலை, சிஞ்ஞோரா எல்தா. வயிறு எரியறப்ப எங்கிருந்து குளிரும்?

— ஆல்வீஸே, இந்தப் பொண்ணு என்ன சொல்லுது? உன் சட்டையை மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டு இருக்கேன், நீ என்னடான்னா சுவத்தைப் பாத்துட்டு நிக்கற.

— ஒண்ணுமில்ல எல்தா, ஆய்வுக்கூடத்து விஷயம். கவனிங்க சிஞ்ஞோரீனா, அஞ்சு மணிக்கு எனக்கு ரோம் ரயில். திங்கக்கிழமை பேராசிரியர் தேர்வுக் கமிஷன் முன்னாடி நிக்கணும். போயிட்டு வந்ததும் உக்காந்து நிதானமா பேசலாம்.

— நீங்க வர்றப்ப நான் அங்க இருக்க மாட்டேனே! அதைத்தானே இதுல எழுதியிருக்கீங்க? சரி, நானே படிக்கறேன். 'எனது உதவியாளர் நீவெஸ் ஸுலியானி டிசம்பர் மாதத்தில் காட்டிய அலட்சியத்தால் எண்ணு கருவி பழுதடைந்துவிட்டது. ஆகவே, நான் கண்டறிந்த புதிய கதிரியக்கத்தை ஜனவரியில் மறுபடியும் காட்ட இயலவில்லை. கண்டுபிடிப்பில் குறை ஏதுமில்லை. அவரைப் பணியிலிருந்து விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்.' ஒரு நகல் டைரக்டருக்கு. ஒரு நகல் கமிஷனுக்கு. எனக்கு மட்டும் கிடையாது. டைரக்டரோட குமாஸ்தா மனசு கேக்காம எடுத்துக் காட்டினாரு.

— அலட்சியமா? நீவெஸா? அந்தக் கருவிக் குழாயையே அவதான் கையால செஞ்சான்னு சொன்னியே ஆல்வீஸே. கைக்குழந்தையைத் துடைக்கற மாதிரி துடைப்பான்னு சிரிச்சியே.

— செஞ்சதும் அவங்க, கெடுத்ததும் அவங்க. இதுல என்ன முரண்பாடு?

— கெடலை! இன்னிக்கு மதியம் ஆஸ்பத்திரியில இருந்து ரேடியம் வந்த உடனே வெச்சுப் பாத்துட்டுத்தான் வர்றேன். வெள்ளித் தகடு வெச்சேன், சரியாச் சொல்லுது. அயோடின் வெச்சேன், சரியாச் சொல்லுது. புதுசா கதிர் விடுதுன்னு நீங்க எழுதின அந்த உப்பு ஒண்ணுக்குத்தான் வாயே திறக்க மாட்டேங்குது.

— சரி சரி, சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். காப்பி போடறேன், குடிச்சுட்டுப் பேசுங்க. காப்பின்னு வாய்தான் சொல்லுது, பார்லிப் பொடிதான். அபிசீனியாவுல நம்ம ஆளுங்க போய் அடிச்சதுக்கு அம்பத்திரண்டு நாடு சேந்து என் அடுப்புக்குத் தண்டனை கொடுத்திருக்கு.

— நான் போடறேன் சிஞ்ஞோரா. சும்மா நிக்க முடியலை. இந்த டப்பாதானே?

— தொடாத! விடு, விடு. அதோட மூடி சரியில்லை, கொட்டிடும். நான் எடுத்துக்கறேன். நீ உக்காரு. தொட்டுக்க ரொட்டி கிடையாது, சொல்லிட்டேன். மூலைக்கடை ரொட்டிக்காரனைச் சாத்திட்டாங்க, தெரியுமா? போருக்குத் தங்கம் திரட்டினப்ப, தங்கம்னு சொல்லிப் பித்தளை மோதிரத்தைக் கொடுத்துட்டானாம். கட்சியோட கறுப்புச் சட்டைக்காரங்க வந்து ஒரு பாட்டில் விளக்கெண்ணெயை அவன் வாயில ஊத்திட்டு, கடைக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. பாவம், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.

— பாவம் என்ன பாவம்? ஊரே கல்யாண மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்துட்டு இரும்பு மோதிரம் போட்டுக்கிட்டு நிக்குது. இவன் மட்டும் பித்தளை கொடுப்பானா?

— நல்லாக் கேட்டீங்க புரொஃபசர். மோதிரத்தைப் பத்திப் பேசத்தான் நான் வந்தேன்.

— மோதிரத்தைப் பத்தியா?

— உங்க மோதிரத்தைப் பத்தி.

— எல்தா, இந்தப் பொண்ணுக்கு ஜுரம். காப்பியைக் கொடுத்து அனுப்பு.

— ஜுரம் இல்லை. நோட்டுப் புத்தகம் இருக்கு, இதோ. மூணு ராத்திரியா இதைத்தான் பாத்துட்டு இருந்தேன். செப்டம்பர்ல இருந்து டிசம்பர் பாதி வரைக்கும் நாற்பத்தோரு தடவை உங்க உப்பை அளந்திருக்கோம். இருபத்திரண்டு தடவை கதிர் பட்டுக் குழாய் கத்தியிருக்கு. பத்தொன்பது தடவை ஊமை. ஊமையான பத்தொன்பதுக்கும் நீங்க என்ன காரணம் எழுதியிருக்கீங்க, ஞாபகம் இருக்கா? 'உதவியாளர் தாமதமாக நடந்தார்.'

— நடந்தீங்க. தாழ்வாரத்துல ஓடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— ஏன் ஓடணும் நீவெஸ்? நானும் கேக்கணும்னு இருந்தேன். ஒரு தடவை சாப்பாட்டுக் கூடையோட வந்தேன், இவரு வெள்ளைக் கோட்டு பறக்க என்னை இடிச்சுத் தள்ளிட்டு ஓடினாரு, என்னன்னே தெரியலை.

— ரேடியம் தாழ்வாரத்தோட இந்தக் கோடி, குழாய் அந்தக் கோடி சிஞ்ஞோரா. பக்கத்துல வெச்சா ரேடியத்தோட சத்தத்துல வேற எதுவும் கேக்காது. ரேடியத்தை மெழுகுக் கட்டிக்குள்ள வெச்சு, அதுக்குப் பக்கத்துல ஏதாவது ஒரு பொருளை வெச்சா, சில பொருள் அப்புறம் கொஞ்ச நேரத்துக்குத் தானாவே கதிர் விடும். வெள்ளின்னா நிமிஷக் கணக்குதான், அடங்கிடும். அதுக்கு ஓடித்தான் ஆகணும். சிலது பாதியா அடங்கவே நாள் கணக்காகும். எது எவ்வளவு நேரத்துல பாதியாகுதுங்கறது கைரேகை மாதிரி. ஒண்ணோடது இன்னொண்ணுக்கு இருக்காது.

— அப்ப இவரோட உப்பு?

— அறுபத்தஞ்சு மணி நேரம்! ரெண்டே முக்கால் நாள் உயிரோட கிடக்கற ஒண்ணு, நான் நாலு செகண்டு மெதுவா வந்தா செத்துப் போயிடுமா? இதை நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். பெரியவர் திட்டறாரு, நம்ம காலுதான் சரியில்லைன்னு நினைச்சுட்டேன். புது ஷூ வாங்கினேன் சிஞ்ஞோரா, ரப்பர் அடி வெச்சது!

— கவனிங்க, கண்டுபிடிப்புன்னா அதுல சிக்கல் இருக்கத்தான் செய்யும்...

— இந்தச் சிக்கலை நான் அவுத்துட்டேன். கத்தின இருபத்திரண்டு தடவையும் உப்பை எடுத்துட்டுப் போனது நீங்க. ஊமையான பத்தொன்பதும் நான். ஒண்ணு கூட மாறலை. அதே உப்பு, அதே குழாய், கை மட்டும்தான் வேற. உங்க கையில இருக்கறது என் கையில என்ன இல்லைன்னு யோசிச்சேன். நான் கல்யாணம் பண்ணிக்கலை.

— என்ன உளறல் இது?

— உளறலா? பாதரசப் பம்பைத் தொடறதுக்கு முன்னாடி மோதிரத்தைக் கழட்டுவீங்க. பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துடும், நியாயம். கழட்டி எங்க வைப்பீங்க? பைல போட்டா தொலைஞ்சுடும்னு மெழுகுக் கட்டி மேல வைப்பீங்க. ரேடியத்துக்கு நாலு விரக்கடை தள்ளி! மணிக்கணக்கா அங்கயே கிடக்கும். அப்புறம் ஞாபகமா எடுத்து மாட்டிட்டு, அதே கையில உப்பைத் தூக்கிட்டு ஓடுவீங்க. குழாய்க்குக் கீழ விரலால பிடிச்சுட்டு நிப்பீங்க. குழாய் கத்தும். உப்பைப் பாத்து இல்லை, மோதிரத்தைப் பாத்து!

— ஐயோ, மாதாவே. மோதிரம் இல்லாம அங்க இங்க நடக்காதேன்னு நான்தான் இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.

— தங்கம் பாதியாகற நேரம் என்ன புரொஃபசர்? இந்தத் தொழில்ல இருக்கற யாரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரெண்டு நாள் பதினேழு மணி. கூட்டிப் பாருங்க. அறுபத்தஞ்சு.

— தற்செயல்.

— டிசம்பர் பதினெட்டு, சதுக்கத்துல எல்லார்கிட்டயும் மோதிரம் திரட்டின நாள். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்க உப்பு கத்துது. அதுக்கப்புறம் உங்க கையிலயும் கத்தலை. இதுவும் தற்செயலா? நீங்க மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்தீங்க, கூடவே கண்டுபிடிப்பும் போயிடுச்சு. பழி மட்டும் என் தலையில.

— ஆல்வீஸே, இவ சொல்றது நிசமா? ஏதாவது பேசேன்.

— பேசறதுக்கு என்ன இருக்கு எல்தா? கதை. பொம்பளைங்க ரயில் பயணத்துல படிக்கற கதை.

— புரொஃபசர், ஒண்ணு சொல்றேன். நான் சண்டை போட வரலை. சரி, சண்டை போடத்தான் வந்தேன், ஆனா முடிச்சு வைக்கவும்தான் வந்தேன். இந்தத் தப்பு யாருக்கும் நடக்கும். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தா எனக்கே நடந்திருக்கும். ரெண்டு வரி திருத்தம் எழுதுங்க. 'தவறு நேர்ந்தது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.' இந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போடுங்க. நான் ஒரு வார்த்தை வெளியில சொல்ல மாட்டேன். மோதிரம்னு கூட எழுத வேண்டாம்.

— ரெண்டு வரி. எவ்வளவு சுலபமா சொல்றீங்க! அந்த ரெண்டு வரி என்னன்னு தெரியுமா உங்களுக்கு? எங்கப்பா பெல்லூனோவுல கடிகாரம் ரிப்பேர் பண்ணினவரு. கண்ணு போற வரைக்கும் பல்சக்கரம் துடைச்சு என்னைப் பீசாவுல படிக்க வெச்சாரு. ஜெர்மனியில ஒரு குளிர்காலம் பூரா முட்டைக்கோசு சூப்பைக் குடிச்சுட்டு வேலை கத்துக்கிட்டேன். திரும்பி வந்து பதினோரு வருஷம் உதவியாளன். இப்பவும் உதவியாளன்தான். புரொஃபசர்னு நீங்க மரியாதைக்குச் சொல்றீங்க, சம்பளச் சீட்டு சொல்லாது! கட்சி அட்டை வாங்கினேன், அது இல்லாம விண்ணப்பமே போட முடியாதுன்னு. ரெண்டு தடவை போட்டிக்குப் போனேன். அந்தக் கமிஷன் எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கும்?

— மூணு பேரை.

— ரெண்டு தடவையும் நான் எத்தனாவது?

— விடு ஆல்வீஸே, அதை ஏன் இப்ப...

— சொல்லு எல்தா! அவங்களுக்குச் சொல்லு!

— நாலாவது.

— நாலாவது! அஞ்சாவதுன்னா நம்ம தகுதி அவ்வளவுதான்னு தூங்கியிருப்பேன். ரோம்ல இதே வேலை பண்ற பசங்களுக்கு ஒரு கிராம் ரேடியம் பெட்டகத்துல கிடக்கு. எனக்கு? சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்காரன் தர்ற ரேடிய ஊசி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு அது ஒரு கிழவியோட தொண்டைக் கட்டிக்குத் திரும்பிப் போகணும். அதை வெச்சு நான் அவங்களோட ஓடறேன்! இப்ப மெஸ்ஸீனாவுல ஒரு பேராசிரியர் நாற்காலி காலியா இருக்கு. இந்தக் கட்டுரை இருந்தா நான் மூணுக்குள்ள. அந்த ரெண்டு வரியை எழுதினா நாலாவது கூட இல்லை. ஊர் சிரிக்கும். கல்யாண மோதிரத்தைக் கண்டுபிடிச்சவன்!

— அதுக்கு நான் எதுக்குச் சாகணும்?

— யாரும் சாகலை. உங்களுக்கு வயசு இருபத்தாறு. ரொவீகோவுல பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் வேலை இருக்கு, நான் ஒரு சிபாரிசு எழுதறேன். பொம்பளைங்களுக்கு அது கௌரவமான வேலைதான்.

— அலட்சியமா குழாயைக் கெடுத்தவளுக்கு சிபாரிசா? எந்தக் கையால எழுதுவீங்க?

— வாயை அடக்கு! நீ யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?

— 'நீ'ன்னு கூப்பிடாதீங்க. நான் டாக்டர் ஸுலியானி. கடுதாசியில அந்த 'டாக்டரை'க் கூட விட்டுட்டீங்க, பாத்தேன்.

— ஆல்வீஸே, உக்காரு. நீவெஸ், நீயும் உக்காரு கண்ணு. நான் படிப்பு இல்லாதவ, டைப் அடிக்க மட்டும்தான் தெரியும். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. தங்கம் அறுபத்தஞ்சு மணின்னா, இவரோட கட்டுரையில அதே நம்பரைப் பாத்ததும் ரோம்ல இருக்கறவங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காதா?

— அச்சான கட்டுரையில எழுபத்திரண்டுன்னு இருக்கு சிஞ்ஞோரா. நோட்டுல அறுபத்தஞ்சு. அச்சுக்காரன் தப்புன்னுதான் நினைச்சேன்.

— அச்சுக்காரன் தப்புதான். மிலான்ல எல்லாம் அப்படித்தான், எதையும் சரிபாக்க மாட்டாங்க.

— இல்லையே.

— எல்தா, பெட்டியை மூடு.

— அச்சுக்காரன் தப்பு இல்லையே ஆல்வீஸே. நான்தானே அடிச்சேன். ஏழு இடத்துல அறுபத்தஞ்சுன்னு அடிச்சு முடிச்சு வெச்சிருந்தேன். நீதான் வந்து எழுபத்திரண்டுன்னு மாத்தச் சொன்ன. ரிப்பன் தேய்ஞ்சு போயிருக்கு, மொத்தத்தையும் மறுபடி அடிக்கணுமான்னு நான் கூடக் கத்தினேன்.

— கணக்கைத் திருத்தினேன். பிழை வீச்சுன்னு ஒண்ணு இருக்கு, உனக்கு அது புரியாது.

— அப்படி எந்தத் திருத்தமும் நோட்டுல இல்லை, புரொஃபசர்.

— தனித்தாள்ல பண்ணினேன்.

— எந்த நாள்?

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?

— எனக்கு இருக்கு. சான் மார்த்தீனோ திருநாளுக்கு மறுநாள். வீடெல்லாம் வாத்துக் கொழுப்பு நாத்தம், அதோட நான் டைப் அடிச்சேன்.

— எல்தா, ரயிலுக்கு நேரமாச்சு.

— இரு. திருநாள் அன்னிக்கு... திங்கக்கிழமை. காலையில ரேடியத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வருவேன்னு சொன்னவன், மதியம் கழிச்சு வந்த. வாத்து காஞ்சு போச்சு. நீ ஒரு வாய் கூடச் சாப்பிடலை. முகம் சுண்ணாம்பு மாதிரி. அப்புறம் திடீர்னு கேட்ட, 'எல்தா, இந்த மோதிரம் எத்தனை காரட்டு? உங்கம்மா கம்மலை உருக்கினப்ப தட்டான் வேற எதுவும் கலந்தானா?'

— நான் அப்படிக் கேக்கலை.

— கேட்ட. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒன்பது வருஷத்துல முதல் தடவையா எங்கம்மாவைப் பத்தித் தானாக் கேக்கறான்னு. கம்மல் கதை முழுசும் சொன்னேன். நீ கேட்டுட்டே இருந்த. எவ்வளவு அன்பா கேக்கறான்னு நினைச்சேன்டா நான்!

— சிஞ்ஞோரா, அது நவம்பர் பதினொண்ணு. கட்டுரை தபால்ல போனது எப்ப?

— பதினஞ்சு. நான்தான் தபாலாபீஸ்ல போட்டேன்.

— அப்ப தெரியும். பதினொண்ணாம் தேதியே தெரியும் உங்களுக்கு. அந்தக் காலையில மோதிரத்தைத் தனியா குழாய்க்குக் கீழ வெச்சுப் பாத்திருக்கீங்க. நவம்பர் பதினொண்ணு பக்கம் நோட்டுல இல்லை. கத்தியால அறுத்திருக்கு, நான் எலி கடிச்சதுன்னு நினைச்சேன்! தெரிஞ்சே நம்பரை மாத்தினீங்க, தெரிஞ்சே அனுப்பினீங்க, தெரிஞ்சே ஜனவரி முழுக்க என்னை அந்தத் தாழ்வாரத்துல ஓட விட்டீங்க. 'இன்னும் வேகமா, சிஞ்ஞோரீனா, இன்னும் வேகமா!' என் ரப்பர் ஷூவைப் பாத்துச் சிரிக்காம எப்படி இருந்தீங்க?

— சிரிக்கலை. ஒரு நாளும் சிரிக்கலை.

— இப்பவாவது ஒத்துக்கறீங்களே!

— என்னத்தை ஒத்துக்கிட்டேன்? சிரிக்கலைன்னு ஒத்துக்கிட்டேன். கமிஷன்ல போய் அதைச் சொல்லுங்க.

— ஆல்வீஸே. மோதிரம் கொடுத்த அன்னிக்கு நீ வரிசையில முதல் ஆளு.

— அதுக்கு என்ன?

— கறுப்புச் சட்டைக்காரங்களைக் கண்டா தெரு மாறிப் போறவன் நீ. ரேடியோவுல பேச்சு வந்தா அணைக்கறவன். அன்னிக்குக் காலையில சோப்புக் கிண்ணத்துல இருந்து மோதிரத்தை எடுத்து மாட்டிட்டு, எதையும் குடிக்காமக் கூட ஓடின. பிஷப்புக்கு முன்னாடி போய் நின்ன. பேப்பர்ல படம் வந்துச்சு. தெருவே வந்து எனக்குக் கை கொடுத்துச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அபிசீனியாப் போர்ல என் தம்பி பெப்பி இருக்கான், அந்தப் பையனுக்காக, எனக்காக, பிடிக்காததையும் இவன் பண்றான்னு நினைச்சேன். கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன் உனக்காக.

— பெப்பிக்காகத்தான் கொடுத்தேன்.

— பொய். அதை ஒழிச்சுக் கட்டக் கொடுத்த. மேசைக்குள்ள போட்டா யாராவது எடுப்பாங்க. ஆத்துல வீசினா மோதிரம் எங்கன்னு நான் கேப்பேன். நாட்டுக்குக் கொடுத்துட்டா மட்டும்தான் பொண்டாட்டி கேக்க முடியாது. எங்கம்மா காதுல முப்பது வருஷம் கிடந்த பொன்னு அது, ஆல்வீஸே. நோட்டுல ஒரு பக்கத்தைக் கிழிக்கற மாதிரி அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்த.

— சரி. ஆமாம்! ஆமாம்னு வெச்சுக்கோ! அப்புறம்? பசியோட பதினோரு வருஷம் ஓடினவன், தப்பான வாசல்னு தெரிஞ்சும் நுழைஞ்சுட்டான். மெஸ்ஸீனா போனா உனக்குக் கடல் தெரியற வீடு. அங்க போய் நான் நிஜமா ஒண்ணைக் கண்டுபிடிப்பேன், அப்ப இதை எல்லாரும் மறந்துடுவாங்க. என்னைவிடக் கேவலமானவங்க அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க எல்தா. நான் பார்த்திருக்கேன், அவங்களுக்குச் செம்பும் தெரியாது, ஈயமும் தெரியாது.

— இந்தப் பொண்ணு?

— அவளும் மறந்துடுவா.

— நான் திங்கக்கிழமை ரோமுக்கு வருவேன். கமிஷன் கதவைத் தட்டுவேன். நோட்டைக் காட்டுவேன்.

— வாங்க, தாராளமா வாங்க! ஒரு பக்கம் அஞ்சு பேராசிரியருங்க. இன்னொரு பக்கம் வேலை போன கோவத்துல ஒரு உதவியாளர். கையில என்ன இருக்கு? ஒரு நோட்டு, அதுல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. யார் கிழிச்சதுன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா? எங்க அந்த மோதிரம்னு கேப்பாங்க. வெச்சுக் காட்டு, குழாய் கத்தட்டும்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?

— உண்மையைச் சொல்வேன்.

— உண்மைக்கு எடை வேணும். கையில வெச்சுப் பாக்கணும். தர முடியுமா உங்களால? உப்பு இருக்கு, குழாய் இருக்கு, ரேடியம் இருக்கு. அந்தத் தங்கம் எங்க? வேற தங்கத்தை வெச்சுக் காட்டினா அது என் மோதிரத்துக்குச் சாட்சி ஆகாது. நாட்டுக்காக நான் கொடுத்த மோதிரத்தை வெச்சு என்னைத் திருடன்னு சொன்னா, கமிஷன் இல்லை, வேற ஆளுங்க வந்து உங்களைக் கேப்பாங்க. ரொட்டிக்காரனைக் கேட்ட மாதிரி.

— மிரட்டறீங்களா?

— பரிசோதனை எப்படி முடியும்னு முன்னாடியே சொல்றேன். அதுதானே என் தொழில்?

— சிஞ்ஞோரா, நான் போறேன். காப்பிக்கு நன்றி. நீங்க நல்லவங்க. இதுக்கு மேல இங்க நின்னா நான் எதையாவது தூக்கிப் போட்டு உடைச்சுடுவேன்.

— இரு, நீவெஸ். அந்த ரேடியம் எப்ப வரைக்கும் இங்க இருக்கும்?

— திங்கக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும். அதனால என்ன சிஞ்ஞோரா?

— இப்பப் போட்டா அது சூடேறப் போதுமா? கமிஷன் முன்னாடி கொண்டு போய் வைக்கற அளவுக்கு?

— ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் வெச்சு, கடைசி ரயிலைப் பிடிச்சா ரோம்லயும் கத்தும். ரெண்டு நாளைக்குக் கத்தும். ஆனா எதைப் போடறது?

— எல்தா, இது என்ன விளையாட்டு? சொன்னேனே, அது உருகிப் போச்சு. உருகிக் கட்டியாகி எங்கேயோ பெட்டகத்துல கிடக்கு. என் கையாலதான் அந்தச் சட்டியில போட்டேன், ஊரே பாத்துச்சு. இந்த உலகத்துல அது இல்லை. போதுமா? பெட்டியைக் கொடு.

— உன் கையாலதான் போட்ட. ஒன்பது வருஷமா உன் விரல்ல கிடந்தது. அன்னிக்கு அதோட கனம் உனக்கு வித்தியாசமாத் தெரியலையா ஆல்வீஸே? நீ அவ்வளவு பெரிய நிறுவைக்காரன் ஆச்சே.

— என்ன கனம்? என்ன சொல்ற நீ?

— என்னோடதை நான் கொடுத்தேன், பெப்பிக்காக. நிஜமாவே கொடுத்தேன். அது நீ கடையில வாங்கினது, போனாப் போகட்டும்னு விட்டேன்.

— எல்தா, பக்கத்து வீட்டுக்காரன் காதுல விழும். மெதுவா. மெதுவாப் பேசு. உனக்கு இதுல என்ன ஆகும்னு தெரியுதா?

— தெரியும். மூலைக்கடை ரொட்டிக்காரனும் நானும் ஒரே கடையிலதான் பித்தளை வாங்கினோம். நீவெஸ், அந்தப் பார்லி டப்பாவைக் கவுத்து.